சொல்ல முடிந்த காரணங்கள்

கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனையை மக்கள் ‘டச்சு அரண்மனை’ என்றே அழைக்கிறார்கள். ஆனால் அதைக் கட்டியவர்கள் டச்சுக்காரர்கள் அல்லர். 1555-ஆம் ஆண்டு வாக்கில் போர்ச்சுகீசியர்கள் அதைக் கட்டி, கொச்சி மன்னர் வீரகேரள வர்மருக்கு அளித்தார்கள். 1663-இல் அதைப் பழுதுபார்த்துப் புதுப்பித்தவர்கள் டச்சுக்காரர்கள். கட்டியவர் ஒருவர், பெயர் நின்றது மற்றொருவருக்கு.

அந்த அரண்மனையின் நடுமுற்றத்தில் பழையனூர் பகவதியின் சந்நிதி இருக்கிறது. மன்னரின் பள்ளியறைச் சுவர்களில் இராமகாதை சுவரோவியமாக விரிகிறது. தசரதனின் வேள்வியில் தொடங்கி இராமபிரான் அயோத்தி திரும்புவது வரை காவியும் பச்சையும் மஞ்சளும் குழைந்த உருவங்கள் இடைவெளியின்றி நிறைந்திருக்கின்றன. பார்ப்பவர்கள் ஒரு காட்சியின் முன் அதிக நேரம் நின்றுவிடுவதுண்டு. ‘ஏன் இது உங்களுக்குப் பிடித்தது?’ என்று யாராவது கேட்டால் உடனே ஒரு பதிலும் வந்துவிடும்: ‘நிறம் நன்றாக இருக்கிறது’, ‘கண்கள் அழகு’. அந்தப் பதில் உண்மைதானா? பிடித்ததற்குக் காரணம் அதுதானா? அல்லது கேள்வி வந்ததால் பிறந்த காரணமா?

சிறிய கேள்விபோலத் தோன்றும் இது, மனித வாழ்வின் பெரிய தீர்மானங்கள் வரை நீள்கிறது. அந்தச் சுவர்கள் சொல்லும் காதையே இதற்குச் சான்று.

கைகேயி இழந்தது

இராமனுக்கு முடிசூட்டு விழா என்ற செய்தியைக் கூனி வந்து சொன்னபோது கைகேயி என்ன செய்தாள்? மகிழ்ந்தாள். நல்ல செய்தி கொண்டுவந்தவளுக்கு அணிகலனைப் பரிசாகக் கொடுத்தாள். இராமனுக்கும் பரதனுக்கும் அவள் உள்ளத்தில் வேறுபாடு இருக்கவில்லை. அந்த அன்புக்கு அவளிடம் காரணம் எதுவும் இல்லை. அவள் தேடவும் இல்லை. மழலையில் மடியில் கிடந்தவனிடம் வளர்ந்த அன்பு அது.

கூனி அந்த அன்பை நேரடியாகத் தாக்கவில்லை, தாக்கியிருந்தால் தோற்றிருப்பாள். ‘இராமன் தீயவன்’ என்று சொன்னால் கைகேயி நம்பியிருக்க மாட்டாள். கூனி செய்தது வேறு. காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். நாளை கோசலை அரசனின் தாய் ஆவாள். நீ அவள் கையை எதிர்பார்த்து நிற்பாய். பரதன் ஊரில் இல்லாத நேரத்தில் இந்த விழா ஏன்? உன் மகனின் கதி என்ன? ஒவ்வொன்றும் சொல்லில் தெளிவாக நின்றது. கேட்பவர் மறுக்க முடியாதபடி நின்றது.

கைகேயியிடம் இருந்த அன்போ சொல்லில் நிற்காதது. வாதம் என்று வந்துவிட்டால் சொல்ல முடிந்தது எடை பெறும்; சொல்ல முடியாதது இருந்தும் இல்லாததாகிவிடும். அன்று அயோத்தியின் அந்தப்புரத்தில் நடந்தது அதுதான். அன்பு பொய்யாகிவிடவில்லை, வாதத்தின் தராசில் அதை வைக்க இடமில்லாமல் போயிற்று.

பிறகு பரதன் வந்தான். தாய் பெற்றுத் தந்ததை வேண்டாம் என்று தள்ளினான். அவள் அடுக்கிய காரணங்கள் எல்லாம் அவன் பெயரால் நின்றவை. அவனே விலகியபோது ஒரு காரணமும் மிஞ்சவில்லை. ஆனால் அதற்குள் கணவன் இறந்துவிட்டான். மகனாக வளர்த்தவன் காட்டுக்குப் போய்விட்டான்.

ஆய்வுக்கூடத்தில் அதே பாடம்

இது காவியத்துக்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ண வேண்டாம். நம் காலத்து உளவியலாளர்கள் இதையே மிக எளிய பொருள்களைக் கொண்டு சோதித்திருக்கிறார்கள்.

1991-இல் அமெரிக்க உளவியலாளர்கள் டிமோதி வில்சன், ஜோனதன் ஸ்கூலர் ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஐந்து வகை ஸ்டிராபெரி ஜாம்களை மாணவர்களுக்குச் சுவைக்கக் கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற சுவை வல்லுநர்கள் முன்பே தரவரிசைப்படுத்தியவை அவை. ஒரு பிரிவு மாணவர்கள் சுவைத்துவிட்டு மதிப்பெண் மட்டும் இட்டார்கள். மற்றொரு பிரிவினர், ஒவ்வொன்றும் ஏன் பிடித்தது, ஏன் பிடிக்கவில்லை என்று காரணங்களை எழுதிவிட்டு மதிப்பெண் இட்டார்கள். காரணம் எழுதாதவர்களின் மதிப்பீடு வல்லுநர்களின் வரிசையோடு பெருமளவு ஒத்துப்போனது. காரணம் எழுதியவர்களின் மதிப்பீட்டுக்கும் வல்லுநர்களின் வரிசைக்கும் ஏறத்தாழ ஒட்டே இல்லை. நாக்கு அறிந்திருந்ததை எழுத்து குழப்பிவிட்டது.

1993-இல் வெளிவந்த அடுத்த ஆய்வில் வில்சன் குழுவினர் இன்னும் ஒரு படி சென்றார்கள். மாணவர்களுக்குச் சில சுவரொட்டிகளைக் காட்டி, ஒன்றை வீட்டுக்கு எடுத்துச் செல்லச் சொன்னார்கள். சில, புகழ்பெற்ற ஓவியர்களின் படைப்புகள். சில, வேடிக்கைப் படங்கள். காரணம் எழுதச் சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக வேடிக்கைப் படங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வேடிக்கைப் படம் ஏன் பிடிக்கிறது என்று சொல்வது எளிது. ஒரு பெரிய ஓவியம் மனத்தில் செய்வதைச் சொல்வது கடினம். சில வாரங்கள் கழித்து விசாரித்தபோது, காரணம் எழுதித் தேர்ந்தெடுத்தவர்களே தங்கள் தேர்வில் குறைந்த நிறைவு கொண்டிருந்தார்கள். காரணங்களின் மயக்கம் தெளிந்தது. பழைய ருசி திரும்பி வந்தது. சுவரிலோ வேறு படம் தொங்கியது.

சுவீடனில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு இன்னும் வியப்பானது. கடை ஒன்றில் வந்தவர்களுக்கு இரண்டு வகை ஜாமும் இரண்டு வகைத் தேயிலையும் கொடுத்து, பிடித்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பிறகு, தேர்ந்தெடுத்ததையே மீண்டும் ருசித்துக் காரணம் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். ஆனால் இருபுறமும் மூடி கொண்ட ஜாடியைத் தந்திரமாகத் திருப்பி, அவர்கள் ஒதுக்கியதையே கொடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு சோதனைகளில்கூட இந்த மாற்றம் கண்டுபிடிக்கப்படவில்லை. மற்றவர்கள், தாங்கள் தேர்ந்தெடுக்காத ஒன்றைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணங்களை உறுதியோடு விளக்கினார்கள்!

கட்டியவர் ஒருவர், பெயர் மற்றொருவருக்கு என்றோமே, அது அரண்மனைக்கு மட்டும் உரிய விதி அன்று.

சாஸ்திரத்தின் பார்வை

நம் விருப்பு வெறுப்புகளைக் கட்டுபவை வாசனைகள், சம்ஸ்காரங்கள் என்று வேதாந்தம் சொல்கிறது. எத்தனையோ அனுபவங்கள் மனத்தின் அடித்தளத்தில் விட்டுச்சென்ற பதிவுகள் அவை. அவை ஓசையின்றி வேலை செய்கின்றன. வேலை முடிந்த பிறகு அகங்காரம் முன்னால் வந்து நின்று, ‘நான்தான் செய்தேன், இந்தக் காரணத்துக்காகச் செய்தேன்’ என்று பெயர்ப்பலகை மாட்டுகிறது.

நியாய தரிசனம் காட்சியறிவில் இரண்டு நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறது. பெயரும் வகையும் சேராத முதல் அறிவு நிர்விகல்பம். ‘இது இன்னது, இத்தகையது’ என்று சொல்லோடு சேர்ந்த அறிவு சவிகல்பம். சொல் சேர்ந்த பிறகே அறிவை மற்றவரோடு பகிர்ந்துகொள்ளலாம், ஆராயலாம். ஆனால் சொல் சேரும்போதே, சொல்லில் அடங்காத பகுதி பின்னால் தங்கிவிடுகிறது. இதை மறந்து, சொல்லில் வந்ததே முழுமை என்று கொள்வதுதான் பிழை.

குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனனின் நிலையை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். முதலில் அவன் உடல் தளர்ந்தது, வாய் உலர்ந்தது, காண்டீவம் கையிலிருந்து நழுவியது. அதன்பிறகுதான் குலநாசம், தர்மநாசம், பித்ருக்களின் நிலை என்ற வாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கலக்கம் முன்னே வந்தது. காரணங்கள் பின்னே வந்தன. அர்ஜுனனோ காரணங்களால்தான் தன் முடிவு விளைந்தது என்று நம்பினான். பகவான் அந்த வாதங்களை ஒவ்வொன்றாக மறுக்கத் தொடங்கவில்லை. அறிவாளியைப்போல் பேசுகிறாய், ஆனால் துக்கப்படக் கூடாததற்குத் துக்கப்படுகிறாய் என்று, பேச்சுக்கும் அதன் அடியில் இருந்ததற்கும் உள்ள இடைவெளியைத்தான் முதலில் தொட்டுக் காட்டினார்.

ஒரு வீட்டின் கதை

மட்டாஞ்சேரியின் பழைய தெரு ஒன்றில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்வதாக நினைத்துப் பார்ப்போம். மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் கிடங்குகளுக்கு நடுவே, ஓட்டுக்கூரை வேய்ந்த வீடு. தந்தை காலமாகிவிட்டார். எழுபத்தைந்து வயதுத் தாய் தனியாக இருக்கிறாள். மகன் எர்ணாகுளத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறான். அன்புள்ள மகன், தாயைத் தன்னோடு அழைத்துக்கொள்ள விரும்புகிறான்.

“ஏன் அம்மா இங்கேயே இருக்க வேண்டும் என்கிறாய்?” என்று கேட்கிறான்.

தாய் சற்று யோசிக்கிறாள். “இங்கே நல்ல காற்று வருகிறதப்பா” என்கிறாள்.

“நம் வீடு பன்னிரண்டாவது மாடி. இதைவிட நல்ல காற்று வரும். மருத்துவமனையும் பக்கத்தில் இருக்கிறது. லிஃப்ட் இருக்கிறது. படி ஏற வேண்டாம். மழைக்காலத்தில் கூரை ஒழுகுமே என்ற கவலை இல்லை.”

அவன் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. தாயிடம் மறுமொழி இல்லை. “நீ சொல்வது சரிதான் கண்ணா” என்று சம்மதிக்கிறாள். மனப்பூர்வமாகவே சம்மதிக்கிறாள். காற்றுதான் காரணம் என்றால் அங்கேயும் காற்று இருக்கிறதே!

இரண்டு மாதம் கழிகிறது. தாய்க்கு உடலில் நோய் எதுவும் இல்லை. ஆனால் சோறு இறங்கவில்லை. என்ன குறை என்று கேட்டால், “ஒன்றும் இல்லை” என்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை, அவளுக்கே தெரியவில்லை.

பழைய வீட்டில் அவள் விடியற்காலையில் கொல்லைக் கதவைத் திறப்பாள். அதே நேரத்தில் அடுத்த வீட்டுக் குஜராத்தி அம்மாளும் கதவைத் திறப்பாள். இருவருக்கும் பொதுவான மொழி அரைகுறை மலையாளம்தான். இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். சில நாள் அதுவும் இல்லை. முப்பது ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் அப்படித்தான் விடிந்தது. இதை ஒரு காரணமாக எந்தத் தாய் சொல்வாள்? சொன்னாலும் எந்த மகன் அதை மருத்துவமனைக்கு எதிரே தராசில் வைப்பான்?

மகன் தீயவன் அல்லன். அவன் செய்த பிழை ஒன்றுதான்: ‘ஏன்?’ என்று கேட்டு, வந்த பதிலைத் தாயின் மனம் என்று எடுத்துக்கொண்டான். தாய் செய்த பிழையும் அதுவே. கேட்காமல், அந்தக் கொல்லைப்புறத்தில் அவளோடு இரண்டு நாள் விடியலில் உட்கார்ந்திருந்தால் அவனுக்கே தெரிந்திருக்கும். அதன் பிறகும் அவளை அழைத்துச் சென்றிருக்கலாம். வயதும் நோயும் அப்படிக் கட்டாயப்படுத்தக்கூடும். ஆனால் எதை அவள் விட்டு வருகிறாள் என்று அறிந்து அழைத்துச் சென்றிருப்பான். வாரம் ஒரு நாளாவது விடியலில் அவளை அந்தக் கொல்லைக்குக் கூட்டிவந்திருப்பான்.

அப்படியானால் ஆராயவே கூடாதா?

இங்கே ஓர் ஐயம் எழும். ‘பிடித்ததைக் காரணம் கேட்காமல் பின்பற்று என்பதா உபதேசம்? குடிகாரனுக்குக் குடி பிடிக்கிறது. கஞ்சனுக்குக் காசு பிடிக்கிறது. அவர்களும் காரணம் கேட்காமல் இருக்கட்டுமா?’

நியாயமான ஐயம். கடோபநிஷதம் மனிதன் முன் வரும் இரண்டை வேறுபடுத்துகிறது. ஒன்று பிரேயஸ், இனியது. மற்றொன்று சிரேயஸ், நல்லது. இரண்டையும் பிரித்தறிய விவேகம் வேண்டும். விவேகத்துக்கு விசாரம் வேண்டும். ஆகவே ஆராய்ச்சியைக் கைவிடச் சொல்லும் பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் விசாரம் வேறு, காரணம் கட்டுவது வேறு. விசாரம் பொருளைப் பார்க்கிறது. காரணம் கட்டும் மனம் கேட்பவர் முகத்தைப் பார்க்கிறது. விசாரத்தில் ‘தெரியவில்லை’ என்ற பதிலுக்கு இடம் உண்டு. காரணம் கட்டுவதில் அது தோல்வி. விசாரம் பொறுமையானது, காரணம் கட்டும் மனத்துக்கு உடனே ஒரு பதில் வேண்டும், அது மதிப்பாகவும் தோன்ற வேண்டும்.

கொச்சியில் இதற்கு ஓர் உதாரணம் கண்முன்னே உண்டு. 1947 முதல் அங்கே தேயிலை ஏலம் நடைபெற்று வருகிறது. ஏலத்துக்கு வரும் தேயிலையைச் சுவைத்து மதிப்பிடுபவர்கள் உலர்ந்த இலையைப் பார்க்கிறார்கள். வெந்நீரில் ஊறிய இலையின் நிறத்தையும் மணத்தையும் அறிகிறார்கள். சாற்றை நாவில் உருட்டித் துப்புகிறார்கள். பிறகு காரணத்தோடு மதிப்புச் சொல்கிறார்கள். அவர்களின் சொல் ருசியைக் கெடுப்பதில்லை. ஏனெனில் ஆயிரக்கணக்கான கோப்பைகளைச் சுவைத்து, ருசியிலிருந்தே ஒவ்வொரு சொல்லையும் சம்பாதித்திருக்கிறார்கள். மதுவைச் சுவைத்து அடையாளம் காணும் 1996-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றிலும் இதுவே தெரியவந்தது. சுவையைச் சொல்லில் விவரிப்பது, பழக்கம் இருந்தும் பயிற்சி இல்லாதவர்களின் நினைவைத்தான் கெடுத்தது. பயிற்சி பெற்றவர்களை அது பாதிக்கவில்லை.

அனுபவத்துக்குப் பின்னால் நடந்துவரும் சொல் விளக்காகிறது. அனுபவத்துக்கு முன்னால் ஓடும் சொல் திரையாகிறது. மகான்களின் வாக்கு நம்மைத் தெளிவிப்பதும், நம்முடைய வாதங்கள் நம்மையே குழப்புவதும் இதனால்தான்.

பக்தியில் காரணம்

மட்டாஞ்சேரியின் சிறிய நிலப்பரப்பில் எத்தனை வழிபாடுகள்! 1568-இல் எழுந்த யூதர் ஆலயம், கொங்கணி மக்களின் திருமலை தேவஸ்வம், குஜராத்தியர் தெருவில் ஜைனர் கோயில், மசூதிகள், தேவாலயங்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் கைகூப்பி நிற்கிறார். ‘ஏன் இந்த வடிவம்? ஏன் இந்தப் பெயர்?’ என்று கேட்டால் பெரும்பாலோர் திகைப்பார்கள். அந்தத் திகைப்பு அறியாமை அன்று. அன்பு தன் வேரைத் தானே தோண்டிப் பார்ப்பதில்லை.

ஆனால் கேட்டுக்கொண்டே இருந்தால் பக்தன் ஏதோ ஒரு காரணத்தைப் பிடித்துக்கொள்வான். ‘வேண்டியதைக் கொடுத்தார்’, ‘நோயைத் தீர்த்தார்’ என்பான். இவை உண்மையாகவே இருக்கலாம். எனினும் பலமுறை சொல்லச் சொல்ல, பக்தி இந்தக் காரணத்தின் மேல் ஏறி நின்றுகொள்கிறது. ஒருநாள் வேண்டியது கிடைக்கவில்லை, நோய் தீரவில்லை. காரணம் சரிகிறது, அதன் மேல் நின்ற பக்தியும் சரிகிறது. காரணம் வருவதற்கு முன்பே இருந்த அன்பு எங்கே போயிற்று என்று அவன் தேடுவதுகூட இல்லை. பிரேமையின் இயல்பைச் சொல்ல வந்த நாரதர், அதை ஊமை உணரும் சுவைக்கு ஒப்பிட்டார். ஊமை சுவையை முழுமையாக அறிகிறான். காரணம் சொல்லித் தன் சுவையைக் குலைத்துக்கொள்ளும் ஆபத்து மட்டும் அவனுக்கு இல்லை.

சாதகன் செய்ய வேண்டியவை

முதலாவது, முக்கியமான தீர்மானங்களின் முன் சிறிது மௌனம். ஒரு வேலையை ஏற்பதோ, உறவை அமைப்பதோ, ஊரை விட்டுப் போவதோ எதுவானாலும், பட்டியல் போடுவதற்கு முன் அந்தப் பொருளோடு சொல்லின்றிச் சில நாள் இருந்து பார்க்க வேண்டும். பட்டியல் பிறகு வரட்டும். பட்டியலில் இடம்பெறாத ஒன்று மனத்தில் கனத்தால், அதையும் பெயரில்லாமலே ஒரு வரியாக எழுதிக்கொள்ளட்டும்.

இரண்டாவது, ‘தெரியவில்லை, ஆனால் பிடித்திருக்கிறது’ என்று சொல்லும் எளிமை. பிள்ளைகளிடமும் முதியவர்களிடமும் ‘ஏன்?’ என்று துருவுவதைவிட அருகில் இருந்து பார்ப்பது மேல். காரணம் சொல்லத் தெரியாதவரின் விருப்பம் காரணமற்றது என்று தீர்ப்பளிப்பது அநியாயம்.

மூன்றாவது, இதன் மறுபக்கம். நமக்கு எது பிடிக்கும் என்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பிறருக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதற்குக் காரணம் சொல்லியே ஆக வேண்டும். ஒருவருக்குப் பங்கு மறுக்கும்போது, ஒருவரைத் தண்டிக்கும்போது, ஒருவரின் வாழ்வை மாற்றும்போது ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது போதாது. அங்கே காரணம் வெளிச்சத்தில் நின்று சோதனைக்கு உள்ளாக வேண்டும். காரணமற்ற அன்பு புனிதமானது. காரணமற்ற வெறுப்பு அப்படி அன்று.

கீதையின் முடிவுக்கு வருவோம். பதினெட்டு அத்தியாயங்கள் உபதேசித்த பிறகு பகவான் அர்ஜுனனுக்கு என்ன ஆணையிட்டார்? சொன்னதை மிச்சமின்றிச் சிந்தித்துப் பார், பிறகு உனக்கு எப்படி விருப்பமோ அப்படிச் செய் என்றார். சிந்தனையும் உண்டு, விருப்பமும் உண்டு. முதல் அத்தியாயத்தில் அவசரமாகப் பிறந்த வாதங்கள் அவனைச் செயலிழக்கச் செய்தன. இறுதியில் முழுமையாகச் சிந்தித்த பிறகு எழுந்த விருப்பம் அவனைச் செயலில் நிறுத்தியது. அப்போது அவன் நீண்ட காரணங்கள் எதையும் சொல்லவில்லை. ஐயம் நீங்கி நிற்கிறேன், உன் சொற்படி செய்வேன் என்ற அளவில் நின்றான்.

பள்ளியறைச் சுவரில் இராமகாதை இன்றும் மௌனமாக நிற்கிறது. அதன் முன் நிற்பவர், ஏன் பிடித்தது என்று தம்மையே கேட்டுக்கொள்வதற்கு முன் இன்னும் சற்று நேரம் பார்க்கட்டும். வீட்டுக்குத் திரும்பி, தம் தாயிடமும் பிள்ளையிடமும் அவ்வாறே சற்று நேரம் அமர்ந்திருக்கட்டும். சொல்லுக்கு எட்டாத அந்தப் பரம்பொருள், சொல்லத் தெரியாத உள்ளங்களின் விருப்பத்தையும் அறிந்துகொள்ளும் கருணையை நமக்கு அருளட்டும்.